பெரியாறு இறங்கிய பிறகு

ஆகஸ்ட் 21, 2018

ஆலுவா யூ.சி. கல்லூரி வெள்ள நிவாரண முகாம். பிள்ளைகளுக்கென்று யாரோ கொடுத்த கணக்கு நோட்டில் எழுதுகிறேன். தேதிகள் இப்போதே குழம்புகின்றன. அதனால் முதலில் அவை. 9ஆம் தேதி இடுக்கி அணையின் செறுதோணி மதகு 26 ஆண்டுகளுக்குப் பிறகு திறந்தது. மறுநாள் ஐந்து மதகும். 11 கர்க்கடக வாவு, ஆடி அமாவாசை. ஆற்றங்கரை மணப்புறம் தண்ணீருக்குள் கிடந்ததால் பலி தர்ப்பணம் மேட்டில் நடந்தது. 15 இரவு எங்கள் தெருவில் வெள்ளம். 16 முழுக்க மாடி. 17 மதியம் படகு.

கடற்கரையிலிருந்து லாரியில் ஏற்றிக் கொண்டுவந்த மீன்பிடிப் படகு. அதில் இரண்டு பேர். அப்பா மாடி ஜன்னலைத் தாண்டத் தயங்கினார். இளைய பையன் எட்டி நின்று, "என்டெ கழுத்தில் பிடிச்சோ, அப்பூப்பா" என்றான். கரை சேர்ந்ததும் அப்பா பணத்தை நீட்டினார். பையன் அவர் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடிவிட்டு அடுத்த தெருவுக்குப் படகைத் திருப்பினான்.

சாலை திறந்ததும் தம்பி வந்து அப்பாவைக் கோவைக்கு அழைத்துப் போய்விட்டான். நான் இங்கே.

ஆகஸ்ட் 25

திருவோணம். வீடு முழுக்கச் சேறு. பூக்களம் போடும் இடத்தில் பிளீச்சிங் பவுடர்.

ஆகஸ்ட் 27

எலிக்காய்ச்சலுக்கான டாக்ஸிசைக்ளின் மாத்திரையைப் போட்டுக்கொண்டு மறுபடி சேற்றில் இறங்கினேன். மாடிப்படிக்குக் கீழே அப்பாவின் தகர டிரங்குப் பெட்டி. உள்ளே பெட்ஷீட் என்று ஒருகாலத்தில் இருந்தது, ஆல்பம், இரண்டு திருகுளி, துணியில் சுற்றிய மீன்பிடி ரீல்.

மிட்செல் 300. ஆலுபுரம் அலுமினியம் கம்பெனியில் வேலை பார்த்த கனடாக்காரர் ஒருவர் ஊர் திரும்பும்போது அறுபதுகளில் அப்பாவுக்குக் கொடுத்தது. கறுப்புப் பூச்சு கொப்புளித்து, அடியில் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறது. கைப்பிடி அசையவில்லை. எப்போதோ சுற்றிய தங்கூசி நரம்பு தொட்டதும் துண்டு துண்டாக உதிர்ந்தது. இந்த அரிப்பில் பாதிதான் வெள்ளத்தின் வேலை. மீதி, வராப்புழைக்கும் செறாயிக்கும் அப்பா கொண்டுபோன ஞாயிற்றுக்கிழமைகளின் உப்பு.

முதல் வேலையாக அதைப் பிளீச்சிங் பவுடர் வாளிக்கு எட்டாத தூரத்தில் வைத்தேன். குளோரின் அலுமினியத்தைத் தின்றுவிடும்.

ஆகஸ்ட் 29

நெடும்பாசேரியில் விமானம் மறுபடி இறங்கத் தொடங்கியது. இரண்டு வாரமாகச் சத்தமில்லாத வானம். தெருவில் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு மேலே பார்த்தோம்.

செப்டம்பர் 2

அப்பாவிடம் போனில் சொன்னேன். ரீல் கிடைத்தது, சரி செய்யப் பார்க்கிறேன், நீங்கள் வந்தால் காட்டித் தரலாம் என்று. கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அம்மிணி, அந்தப் படகுக்காரப் பசங்க எந்தக் கரை? முனம்பமா, செல்லானமா?" என்றார். தெரியாதுப்பா என்றேன். உள்ளே தம்பி மகள் டிவி சத்தத்தைக் கூட்டினாள்.

வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அறுபது வருஷமாக அவர் இருந்த ஊர். அதுதான் என்னை உறுத்துகிறது. 84 வயதில் ஒருவர் வீட்டை விட்டு மனதை எடுத்துவிட்டார் என்றால், திரும்ப வைப்பது யார் கையில் இருக்கிறது? ரீல் ஓடினால் வருவார் என்று எனக்குள் ஒரு கணக்கு ஓடுகிறது.

செப்டம்பர் 9

ஆறு பயமாக வற்றிவிட்டது. மூன்று வாரத்துக்கு முன் மாடியைத் தொட்ட தண்ணீர் இப்போது மணலைக் காட்டிக்கொண்டு கிடக்கிறது. கிணறுகளும் இறங்குகின்றன என்கிறார்கள்.

செப்டம்பர் 16

இன்று முழுக்க ஒரு திருகு.

பக்கத் தகட்டைக் கழற்றினால்தான் உள்ளே போக முடியும். மற்றவை மண்ணெண்ணெயில் ஊறியதும் வந்துவிட்டன. ஒன்று மட்டும் இறுகிப்போயிருக்கிறது. எஃகுத் திருகு, அலுமினிய உடல், நடுவில் உப்புத் தண்ணீர். இந்த மூன்றும் சேர்ந்தால் சின்ன பேட்டரி மாதிரி ஆகிவிடும். அதில் கரைவது அலுமினியம். கரைந்தது வெள்ளைப் பொடியாகி, இழந்த உலோகத்தைவிட அதிக இடத்தைப் பிடித்துக்கொள்ளும். திருகு சிக்குவது அந்த நெருக்கத்தில்தான். பலத்தைக் காட்டினால் தலை வழுக்கும், பிறகு துளைபோட்டுத்தான் எடுக்க வேண்டும். சால்டரிங் அயர்ன் நுனியைத் திருகின் தலையில் வைத்துச் சூடாக்கி, ஆறவிட்டு, எண்ணெய் விட்டு, மறுபடி சூடாக்கி, சாயங்காலம் ஒரு நூலளவு அசைந்தது. அந்த அசைவு கையில் தெரிந்தபோது சத்தமாகச் சிரித்துவிட்டேன். வெள்ளத்துக்குப் பிறகு நான் சிரித்தது எனக்கே கேட்டது இன்றுதான்.

ராத்திரி அப்பாவிடம் சொன்னேன். திருகைப் பற்றியென்றால் பேசுகிறார். "அலுமினியம் தன் தோலைத் தானே போட்டுக்கும் அம்மிணி. காத்துப் பட்ட உடனே போட்டுக்கும். நீ தேய்ச்சுத் தேய்ச்சு அதை உரிச்சராதே. உப்புத்தான் அந்தத் தோலை ஓட்டை போடும். ஓட்டை விழுந்த எடம் விழுந்ததுதான்."

1943இல் இந்தியாவில் முதன்முதலாக அலுமினியம் உருக்கியது ஆலுபுரத்தில். பள்ளிவாசல் மின்சாரம் 1940இல் வந்திருந்ததால்தான் உலை இந்த ஆற்றங்கரைக்கு வந்தது. அப்பா 1957இல் சேர்ந்தார், பாட் ரூமில். 950 டிகிரி உருகலுக்குப் பக்கத்தில் வேலை பார்த்தவர் சொன்னால் கேட்கத்தான் வேண்டும். மினுக்கும் பேஸ்ட்டைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டேன். பழைய ரீல்களைக் கண்ணாடிபோல் பளபளக்க வைத்து அலமாரியில் நிறுத்துகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் விருப்பமில்லை. குழி குழியாகவே இருக்கட்டும், சுற்றினால் போதும்.

போனை வைக்கும்முன் கேட்டார்: "அந்தப் பசங்களைப் பத்தி ஏதாச்சும் தெரிஞ்சுதா?"

செப்டம்பர் 23

திறந்துவிட்டது. உள்ளே கிரீஸ் தேன்மெழுகு மாதிரி உறைந்து கிடந்தது. அது மூடியிருந்த இடமெல்லாம் பல்சக்கரம் புதிதாக இருக்கிறது. பித்தளை பினியனில் பாசிப்பச்சைக் களிம்பு. வினிகரில் நனைத்த பல்துலக்கி போதுமாக இருந்தது. உடலில் வினிகர் படவிடவில்லை.

இந்தச் சக்கரங்களைச் செய்தது பிரான்ஸின் க்ளூஸ் என்ற ஊரிலுள்ள கர்பானோ-பொன்ஸ் தொழிற்சாலை. கடிகாரத் தொழில் ஊர் அது. 1848இலேயே கடிகாரப் பள்ளிக்கூடம் வைத்தவர்கள். பல் ஒவ்வொன்றையும் பார்க்கும்போது அது தெரிகிறது. ஆனால் இப்படி ஒரு ரீல் என்ற யோசனையின் வேர் கடிகாரத்தில் இல்லை, நூல் ஆலையில் இருக்கிறது. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு கம்பளி ஆலைக்காரர் இல்லிங்வொர்த் 1905இல் காப்புரிமை வாங்கியது, ஸ்பூல் சுற்றாமலே நரம்பு அதன் விளிம்பு வழியாக உருவிப்போகும் ரீலுக்கு. நாடாவுக்குள் தார் அசையாமல் கிடக்க, நூல் மட்டும் நுனிவழியே ஓடுகிறதே, அந்த வித்தை. கோவை ஆலையில் வேலை பார்த்த தாத்தா இதைப் பார்த்திருந்தால் ஒரே பார்வையில் பிடித்திருப்பார்.

அக்டோபர் 14

மூன்று வாரம் போய்விட்டது. நஷ்டக் கணக்கு, ஆதார் நகல், சுவருக்குப் பூச்சு. எழுத மனமில்லை.

மார்க்கெட்டில் மீன்காரச் சேட்டன் போனில் படம் காட்டினார். அரபைமா. அமேசான் ஆற்று மீன், ஆளுயரம். யாரோ குளத்திலும் தொட்டியிலும் வளர்த்தவை வெள்ளத்தில் தப்பி ஆறுகளுக்குள் வந்துவிட்டன. கரிமீனும் காளாஞ்சியும் இருந்த தண்ணீரில் இனி எது எதைத் தின்னும்? அப்பாவிடம் இதைச் சொல்லக்கூடாது என்று நினைத்தேன். சொல்லிவிட்டேன். "ஆறு அதுபாட்டுக்குப் பாத்துக்கும்" என்றார். நான் நம்பவில்லை. அவரும் நம்பிச் சொன்னதாகத் தெரியவில்லை.

நவம்பர் 16

கஜா புயல் விடியற்காலையில் வேதாரண்யம் பக்கம் கரை கடந்திருக்கிறது. தென்னைகள் வரிசையாகச் சாய்ந்து கிடக்கின்றன. அப்பா காலையிலிருந்து டிவி முன்னால் இருப்பதாகத் தம்பி சொன்னான். சாப்பிடவில்லை. "அங்கே படகு யாரு கொண்டுபோவா" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறாராம்.

நவம்பர் 25

டிராக் தட்டுகளை ஒவ்வொன்றாகத் துடைத்து, வரிசை மாறாமல் ஸ்பூலில் கோத்தேன். பல்சக்கரங்களுக்கு மெரைன் கிரீஸ், அச்சுகளுக்குத் தையல் மிஷின் எண்ணெய். கைப்பிடி சுற்றுகிறது. பின்சுழற்சி தடுக்கும் நெம்புகோலைப் போட்டால் டிக் டிக் டிக். இந்தச் சத்தம் எனக்கு நினைவிருக்கிறது, உள்ளே அரிசி புடைத்துக்கொண்டே அம்மா "வந்தாச்சா?" என்று கேட்பதோடு சேர்த்து.

நரம்பைப் பிடித்து ஸ்பூலில் சுற்றும் பெயில் கம்பிதான் மூடவில்லை. அதன் ஸ்பிரிங் துருவேறி இரண்டாக உடைந்திருந்தது. மார்க்கெட் ரோட்டு வாட்ச் கடைக்காரர் லென்ஸ் வைத்துப் பார்த்தார். இந்தக் கனத்தில் கம்பி தன்னிடம் இல்லை, எடயாறில் ஸ்பிரிங் சுற்றுகிறவர்களிடம் கேட்கலாம், அவர்கள் ஒன்றுக்காக மிஷின் போடுவார்களா என்பது தெரியாது என்றார். காசு வாங்கவில்லை. அவர் கடையிலும் சுவரில் சேற்றுக்கோடு, என் தலைக்கு மேலே.

டிசம்பர் 2

எடயாறில் முடியாது என்றுவிட்டார்கள்.

டிசம்பர் 8

அப்பா கூப்பிட்டார், அவராகவே. ஸ்பிரிங் இல்லாமல் ரீலை வைத்து என்ன செய்வது என்று ஆரம்பித்தேன். பொங்கலுக்கு வந்துவிடுங்கள், அதற்குள் எங்காவது ஒன்று தேடிப்பிடிக்கிறேன், மாடியில் உங்கள் கட்டிலைப் போட்டாயிற்று என்று அடுக்கிக்கொண்டே போனேன். கேட்டுக்கொண்டே இருந்தார்.

"ஸ்பிரிங் எதுக்கு? விரல்ல நரம்பை எடுத்து ரோலர்ல போட்டுக்கலாம். கடல்ல பழகுன கைக்கு அது ஒரு வேலையா? சுத்துதல்ல?"

"சுத்துதுப்பா."

"புது நரம்பு வாங்கிச் சுத்தி வை. நல்லதா வாங்கு. காசு நான் தர்றேன்."

பிறகு, ஆலுவாவிலிருந்து முனம்பத்துக்கு எந்த வழியாகப் பஸ் போகும் என்று கேட்டார். பறவூர் வழி என்றேன். ஹார்பரில் லாரியில் படகு அனுப்பினவர்கள் யார் என்று சங்கத்தில் எழுதி வைத்திருப்பார்களே என்றார். இல்லையென்றால் செல்லானம். ஒருநாளில் இரண்டும் முடியுமா?

"முதல்ல நீங்க வாங்கப்பா, சேர்ந்து போலாம்."

"நான் வர்றது இருக்கட்டும். நீ விசாரி."

திங்கட்கிழமை ஹார்பருக்குப் போன் செய்ய வேண்டும். நரம்பு எத்தனை கிலோ தாங்குவது வாங்குவது என்று கேட்க மறந்துவிட்டேன். கடலுக்கா, ஆற்றுக்கா என்பதைப் பொறுத்தது அது.