சுருக்கிய கோப்பில் தொலைந்த காரணம்

பேச்சுப் பதிவுகளில் இடைநிறுத்தங்களை அளப்பதற்காக, உலாவியில் இயங்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் ஒன்றை ஆய்வின் தொடக்கத்தில் எழுதினேன். களத்தில் இணைய வேகம் மிகக் குறைவு. ஆகவே கிரன்ட் என்னும் கருவியைக் கொண்டு கோப்புகளை ஒன்றிணைத்து, சோதனைக்கென எழுதிய வரிகளை நீக்கி, அக்லிஃபை ஜேஎஸ் வழியாகச் சுருக்கிச் சர்வரில் ஏற்றினேன். சுருக்கும்போது வெற்றிடங்களும் குறிப்புரைகளும் நீங்கும். உள்மாறிகளின் பெயர்கள் ஓரிரு எழுத்துகளாகும். கணினிக்கு இதனால் இழப்பேதும் இல்லை.

அண்மையில் என் கட்டுரையை மதிப்பிட்டவர் ஒரு வினா எழுப்பினார்: 0.3 நொடிக்குக் குறைந்த இடைநிறுத்தங்களை விலக்கியது ஏன்? அதற்கான காரணத்தை மூலநிரலில் குறிப்புரையாக எழுதியிருந்தேன். ஆனால் மூலக்கோப்புகள் இருந்த வன்தட்டு பழுதாகிவிட்டது. கிட் களஞ்சியத்தில் சேர்க்காதது என் சோம்பல். எஞ்சியது சுருக்கிய கோப்பு மட்டுமே. அதில் அந்த எண், முன்னிருந்த சுழியையும் இழந்து, .3 என நின்றது. வரிகளைப் பிரித்து அடுக்கித் தரும் கருவிகள் உள்ளன. நீங்கிய பெயர்களையும் குறிப்புரைகளையும் அவற்றால் மீட்க இயலாது. மூலநிரலையும் உள்ளடக்கிய சோர்ஸ் மேப் கோப்பை அன்றே உருவாக்கியிருந்தால் இந்நிலை வந்திராது.

காரணத்தை நினைவிலிருந்து புனைந்து எழுத மனம் ஒப்பவில்லை. அவகாசம் கேட்டு, பழைய பதிவுகளை முதலிலிருந்து அளந்து வருகிறேன். 0.3 தவறென்று தெரியவந்தால் இரண்டு அட்டவணைகள் மாறும். நண்பர்களே, சுருக்கிய கோப்பு பயனருக்கு உரியது. ஆய்வேட்டுடன் மூலநிரலையும் சேர்த்து வையுங்கள்.