இரண்டு மில்லி ஊர்

ஷென்ஜென் மெட்ரோவின் 11-ஆம் தடத்தில் ஏறினால், விமான நிலையத்தையும் தாண்டி வடமேற்கே ஷாஜிங் வரை போகலாம். ஷாஜிங் ஒரு காலத்தில் சிப்பிக்குப் பேர் போன கடலோர ஊர். இப்போதும் அங்கே சிப்பித் திருவிழா நடக்கிறது. ஆனால் அந்த ஊரும் அதைச் சுற்றியுள்ள பாவோஆன் வட்டாரமும் இன்று வியாபாரிகளுக்குத் தெரிவது வேறொரு பொருளுக்காக. வேப் எனப்படும் மின் சிகரெட்டுகளில் பெரும்பங்கு இந்த வட்டாரத்தில்தான் உருவாகி, உலகமெங்கும் போகிறது.

எனக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது. முசரவாக்கத்திலிருந்து நான் கிளம்பியது தறியில் டிசைன் போடும் எலெக்ட்ரானிக் ஜக்கார்டு பெட்டிக்கு ஒரு சர்க்யூட் போர்டு தேடி. காஞ்சிபுரத்துப் பக்கம் அட்டை கோத்த ஜக்கார்டு ஒவ்வொரு தறியாக விடைபெற்றுக்கொண்டிருக்கிறது. டிசைன் பென் டிரைவில் வருகிறது, போர்டு போனால் தறி நிற்கிறது. நான் தேடியது ஹுவாச்சியாங்பெய் சந்தையில் முதல் நாளே கிடைத்துவிட்டது. அந்தச் சந்தையைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை அங்கேயே முடிந்துவிடும். மாடி மாடியாக, குண்டூசி அளவு கன்டென்சர் முதல் பலகை பலகையாகத் திரை வரை. போகட்டும்.

ஷாஜிங்குக்கு இழுத்துப் போனவர் லண்டனில் இருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணன். எங்களிடம் கல்யாணப் பட்டு எடுப்பவர்; அங்கே தெருமுனைக் கடைகளுக்குச் சரக்குப் போடும் மொத்த வியாபாரமும் அவருக்கு உண்டு. "தனியப் போனா அவை சொல்லுறதெல்லாம் சரி எண்டு தலையாட்டிப் போட்டு வந்திடுவன். நீரும் வாரும் தம்பி" என்றார்.

அங்கே ஒரு வேப் கம்பெனியின் ஷோரூமில் எங்களுக்கு விளக்கம் சொன்ன பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. முதலில் விலை சொல்லவில்லை, தேநீர் ஊற்றினாள். பிறகு வெள்ளை விரிப்பின் மேல் ஒரு கருவியைப் பாகம் பாகமாகக் கழற்றி வைத்தாள். எங்கள் ஊரில் பட்டை விரித்து முந்தானை, உடல், கரை என்று தனித்தனியாகத் தொட்டுக் காட்டுவோமே, அதே நிதானம். பேட்டரி. காற்றழுத்தம் உணரும் சிறு சென்சார். நான்கு குட்டி டேங்குகள். ஒவ்வொரு டேங்குக்குள்ளும் அதற்கே உரிய காயிலும் பஞ்சும். வாயில் வைத்து இழுத்தால் உள்ளே அழுத்தம் குறைகிறது. சென்சார் அதை உணர்ந்து காயிலுக்கு மின்சாரம் விடுகிறது. காயில் சூடாகி, பஞ்சில் ஊறிய திரவம் ஆவியாகிறது. திரவம் என்பது ப்ரொபிலீன் கிளைக்கால், கிளிசரின், நிகோட்டின் உப்பு, கொஞ்சம் பழவாசனை. எரிவது எதுவும் இல்லை, ஆகவே சாம்பலும் இல்லை. நிகோட்டின் மட்டும் அப்படியே இருக்கிறது. அதை அவள் மறைக்கவில்லை.

நான்தான் கேட்டேன்: ஒரே பெரிய டேங்க் வைக்க வேண்டியதுதானே, ஏன் நான்கு?

அவள் சிரித்துவிட்டு ஒரு தாளைத் தள்ளினாள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014-ஆம் ஆண்டு புகையிலைப் பொருள் விதி. 2016 முதல் பிரிட்டனிலும் அதே சட்டம். ஒரு டேங்கில் 2 மில்லி லிட்டருக்கு மேல் கூடாது. நிரப்பும் குப்பி 10 மில்லியைத் தாண்டக் கூடாது. நிகோட்டின் மில்லிக்கு 20 மில்லிகிராமுக்குள். அவ்வளவுதான். எத்தனை டேங்க் என்று யாரும் எழுதவில்லை. ஆகவே இரண்டு மில்லி டேங்க் நான்கை வட்டமாக அடுக்கி, தலையைத் திருகினால் ஒன்று மாற்றி ஒன்று மின் முனையோடு வந்து சேரும்படி செய்துவிட்டார்கள். அமெரிக்காவுக்குப் போகும் சரக்கை அடுத்த அலமாரியில் பார்த்தேன். அங்கே இந்த டேங்க் வரம்பு இல்லாததால் எல்லாம் ஒரே டேங்க், தடித்த உருவம். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அந்நாட்டு அரசின் அனுமதி இல்லை என்பது தனிக் கதை. ஒரு பொருளின் உருவத்தை ஒரு சட்ட உட்பிரிவு இவ்வளவு துல்லியமாகச் செதுக்கி நான் பார்த்ததில்லை.

பல டேங்க் என்று பொதுவாகச் சொல்கிறார்களே தவிர, மேஜை மேல் இருந்தவை மூன்று ஜாதி. திருகும் நான்கு டேங்க் ஒன்று. இரண்டாவதில் 2 மில்லி டேங்க் ஒன்றுதான். அதன் மேல் 10 மில்லி குப்பியைச் செருகினால், டேங்க் வற்ற வற்றக் குப்பியிலிருந்து இறங்கி நிரம்பும். மூன்றாவது இரட்டை டேங்க்: ஒரு பொத்தானில் இடது வாசனை, வலது வாசனை, அல்லது இரண்டும் சேர்த்து. வாடிக்கையாளர் மயங்குவது மூன்றாவதில். வியாபாரி யோசிக்க வேண்டியது முதலாவதில். ஏனென்றால் திருகும் இடத்தில் மின்சாரம் ஸ்பிரிங் வைத்த சிறு முனைகள் வழியாகப் போகிறது. திரவம் கசிந்து அங்கே படிந்தால் கருவி உயிரோடு இருந்தும் பேசாது. அவளே திருகித் திருகிக் காட்டினாள்.

பெட்டியில் "2400 பஃப்" என்று பெரிய எழுத்தில் இருந்தது. நான் அதைப் பார்ப்பதைக் கவனித்த அண்ணன், "பஃப் கணக்கைக் காதில போடாதேயும். எத்தினை மில்லி எண்டு கேளும்" என்றார். டேங்குக்கு 600 இழுப்பு, நான்குக்கு 2400 என்பது கம்பெனி சொல்லும் கணக்கு. ஒருவர் நீளமாக இழுப்பார், ஒருவர் தொட்டுவிட்டு வைப்பார். மில்லி அப்படி இல்லை. நான்கு டேங்க் என்றால் 8 மில்லி, 20 மில்லிகிராம் வீதம் 160 மில்லிகிராம் நிகோட்டின். குப்பி வகை என்றால் 12 மில்லி, 240 மில்லிகிராம். சரிகையைக் கண்ணால் பார்த்துத் தங்கம் என்று நம்பாமல் கருவியில் வைத்துப் பார்க்கச் சொல்லும் மனிதர், இங்கேயும் அப்படியேதான் இருந்தார்.

அவர் கேட்ட மற்றக் கேள்விகளும் அதே ரகம். மாற்று டேங்க் தனியாகக் கிடைக்குமா? 2025 ஜூன் 1 முதல் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் வேப்புகளைப் பிரிட்டன் தடை செய்துவிட்டது. சார்ஜ் ஏற்ற வேண்டும், மறுபடி நிரப்ப வேண்டும், மாற்றுப் பாகம் கடையில் கிடைக்க வேண்டும். கருவியில் சார்ஜ் துளை மட்டும் இருந்து, டேங்க் எங்கும் விற்காவிட்டால் அது குப்பைதான். லித்தியம் பேட்டரிக்கு யூ.என். 38.3 சோதனைச் சான்று இருக்கிறதா? அது இல்லாமல் விமானத்தில் சரக்கு ஏறாது. டேங்கும் கருவியும் ஒரே பெட்டியில் வருமா, தனியாகவா? இந்தக் கடைசிக் கேள்வி எனக்கு அப்போது புரியவில்லை.

மதியம் சாப்பிடக் கீழே இறங்கியபோது தெருவில் ஒரு வேப் கடையைப் பார்த்தேன். மாம்பழம், தர்பூசணி எதுவும் இல்லை. புகையிலை வாசனை ஒன்றே. 2022 அக்டோபர் 1 முதல் சீனாவுக்குள் அது ஒன்றை மட்டுமே விற்கலாம். மாடியில் இருந்த பழக்கூடை முழுக்க ஏற்றுமதிக்கு. தன் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று ஒரு நாடு ஒதுக்கியதை, அதே தெருவின் மாடியில் பேக் செய்து கப்பலேற்றுகிறது. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, சந்தோஷமாகவும் இல்லை. இந்தக் கருவியின் இன்றைய வடிவத்துக்கு 2003-இல் காப்புரிமை கேட்ட ஹோன் லிக் ஒரு மருந்தாளுநர், கடுமையான புகைப்பழக்கம் உள்ளவர், அப்பாவை நுரையீரல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அவர் தேடியது சிகரெட்டை விடுவதற்கு ஒரு வழி. தர்பூசணி பிறகு வந்து சேர்ந்துகொண்டது.

திரும்பி மேலே போனதும் அந்தப் பெண் எனக்கு ஒரு மாதிரியை அன்பளிப்பாக நீட்டினாள். வேண்டாம் என்றேன். நான் வந்த வழியும் போகும் வழியும் ஹாங்காங். அங்கே 2022 ஏப்ரல் 30 முதல் இதைக் கொண்டுவரக் கூடாது. இந்தியாவில் 2019-லேயே சட்டம் வந்துவிட்டது: தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எதற்கும் இடமில்லை, முதல் குற்றத்துக்கே ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம். வாங்கிச் சேர்த்து வைத்தாலும் தண்டனை உண்டு. இதைச் சொன்னதும் அவள் வியக்கவில்லை. உலக வரைபடம் அவள் மேஜை மேலேயே இருந்தது, நாடுவாரியாக நிறம் தீட்டி. இந்தியா சிவப்பு. சிங்கப்பூர், தாய்லாந்து, பிரேசில் எல்லாம் சிவப்பு.

மாலையில் விலை பேசும் நேரம் வந்தது. அண்ணன் கால்குலேட்டரைக் கையில் எடுத்தார். 2026 அக்டோபர் 1 முதல் பிரிட்டனில் வேப் திரவத்துக்கு 10 மில்லிக்கு 2 பவுண்டு 20 பென்ஸ் வரி. நான்கு டேங்க் வகைக்கு 1.76. குப்பி வகைக்கு 2.64. வரி திரவத்துக்குத்தான், கருவிக்கு இல்லை. டேங்கையும் கருவியையும் தனித்தனியாக ஏன் கேட்டார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. நிரப்பிய டேங்கை அளவோடு எடுத்துக்கொண்டு, காலிக் கருவியை மட்டும் கூடுதலாக எடுக்கலாம். அவள் ஒரு பெட்டிக்கு இவ்வளவு என்று சொன்னாள். அவர் தலையை ஆட்டினார், ஆமாம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. குப்பி வகையில் பாதியை வெட்டிவிட்டு, திருகும் வகையில் முனை கெட்டால் மாற்றித் தர எழுத்தில் ஒப்புக்கொண்டால்தான் முன்பணம் என்றார். அவள் மேலாளருக்குப் போன் போடப் போனாள்.