அடுக்களையில் நின்றவள்

எம்மாவு என்றதும் நம் மனக்கண்முன் வருவது ஒரு மேசையும் அதனைச் சுற்றி அமர்ந்த மூவருமே. லூக்கா நற்செய்தியின் 24ஆம் அதிகாரம் அவர்களைப் பற்றியே பேசுகிறது. அன்று மாலை அந்த வீட்டில் உணவு சமைத்தவர் யார் என்று நாம் கேட்பதில்லை. அதைக் கேட்கும் ஓர் ஓவியத்தை டப்ளின் நகரிலுள்ள அயர்லாந்து தேசிய ஓவியக்கூடத்தில் கண்டேன்.

அதனை வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் தியேகோ வெலாஸ்கெஸ். 1599இல் செவில் நகரில் பிறந்த அவர், ஏறத்தாழ 1618இல், இருபது வயதுகூட நிரம்பாத நிலையில் இதனைத் தீட்டினார். முதலில் கண்ணிற் படுவது ஒரு சமையலறை. தலையில் வெள்ளைத் துணி கட்டிய, ஆப்பிரிக்க வழிவந்த பணிப்பெண் ஒருத்தி மேசைமேல் சற்றே குனிந்து நிற்கிறாள். அவள்முன் குடுவை, கிண்ணங்கள், பூண்டு, சிறு உரலும் உலக்கையும். அவளுக்குப் பின்னே, மேல் மூலையில், சிறு திறப்பின் வழியாக உயிர்த்த ஆண்டவர் பந்தியமர்ந்திருப்பது தெரிகிறது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் வேலை நின்றுவிட்டது. செவி மட்டும் அந்த அறையில் இருக்கிறது. சீடர்கள் அப்பம் பிட்கையில் கண்டறிந்தவரை இவள் குரலிலேயே அறிந்துகொண்டாளோ என்று தோன்றுகிறது.

அக்காலச் செவிலில் அடிமைகள் ஆயிரக்கணக்கில் இருந்தனர். அவர்களுள் ஆப்பிரிக்கர் பலர். விலைக்கு வாங்கப்பட்டவர்களின் சாயலுடைய ஒருத்தியை உயிர்ப்பின் சாட்சியாக நிறுத்தினார் அந்த இளைஞர்.

இந்த ஓவியத்திற்கு வேறொரு வரலாறும் உண்டு. பிற்காலத்தில் யாரோ எம்மாவுக் காட்சியின்மேல் வண்ணம் பூசி மறைத்துவிட்டனர். 1933இல் ஓவியத்தைத் துப்புரவு செய்தபோதுதான் அது மீண்டும் வெளிப்பட்டது. அதுவரை பார்த்தவர்களுக்கு இது ஒரு வேலைக்காரியும் சில பாத்திரங்களும் மட்டுமே. ஆண்டவர் அங்கேதான் இருந்தார். பூச்சுதான் அவரை மறைத்திருந்தது.

அந்தப் படத்தின் முன் நிற்கையில் மறைந்த என் தாயாரை நினைத்துக்கொண்டேன். அவர் பங்குத்தந்தை இல்லத்துக் குசினியில் பல்லாண்டு சமையல் செய்தவர். ஆயர் வந்தாலும் விருந்தினர் வந்தாலும் கதவுக்கு அப்பால் நின்றே அவர்களது உரையாடலைக் கேட்பார். கேட்டவற்றில் நல்லவற்றை இரவில் எங்களுக்குச் சொல்லுவார். எம்மாவு நிகழ்ச்சியை நான் முதன்முதலில் கேட்டது மறைக்கல்வி வகுப்பில் அன்று. வெங்காய வாசனை மாறாத அவர் கைகளில் சோறு வாங்கி உண்ட வேளையில்தான். ஆயினும் திருவிழா விருந்துகளில் நன்றி கூறப்பட்டவர்களின் வரிசையில் அவர் பெயரை நான் கேட்டதில்லை. அந்த மேசையில் அவர் அமர்ந்ததையும் கண்டதில்லை.

அவர் அதற்காக வருந்தியதாகச் சொன்னதில்லை. வருந்தவில்லை என்பதற்காக நாம் அமைதி அடைந்துவிடலாமா? நற்கருணைப் பந்தியில் உயர்ந்தோர் தாழ்ந்தோர் இல்லை என்று அறிக்கையிடும் நாம், வீடு திரும்பியதும் பாத்திரம் துலக்கும் பெண்ணுக்குத் தனித் தம்ளரை நீட்டினால், அந்த ஓவியத்தின்மேல் மீண்டும் வண்ணம் பூசியவர்கள் ஆகிறோம்.

அவளுக்கும் ஓர் இருக்கை போடுவோம். அவள் கேட்டறிந்த நற்செய்தியை அவள் வாயாலேயே நமக்குச் சொல்லட்டும்.