காட்டுக்குக் கீழே கடைசி லயம்

வெள்ளி, ஒஹிய

காலை ரயிலில் அப்புத்தளையிலிருந்து புறப்பட்டேன். இதல்கஸ்ஹின்ன தாண்டியதும் தேயிலை குறைந்து காடு நெருங்கி வந்தது. ஒஹிய ஊவாவின் விளிம்பு. பட்டிப்பொலைக்குப் போகும் சுரங்கத்தைத் தாண்டினால் மத்திய மாகாணம். மலையின் தெற்குச் சரிவில் சப்ரகமுவ. இந்த உச்சியில் வீடுகளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

சனி, ஹோட்டன் சமவெளி

மழை பெய்யவில்லை, சட்டை மட்டும் நனைந்துவிட்டது. இது முகில் காடு. காற்று தள்ளிவரும் மூடுபனியைக் கீன மரங்களின் இலைகளும் கிளைகளில் தொங்கும் பாசியும் பிடித்துச் சொட்டுச் சொட்டாக வேருக்கு இறக்குகின்றன. பாசியை லேசாக அழுத்திப் பார்த்தேன். மணிக்கட்டுவரை தண்ணீர் வழிந்தது. மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் இங்கிருந்து நீர் போகிறது.

மூக்கில் கொம்புள்ள ஓணான் ஒன்று கிளையோடு கிளையாக ஒட்டியிருந்தது. இலங்கை மலைக்காடுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத உயிர். அதன் எதிரில் வெகுநேரம் நின்றேன். அது கண்ணைக்கூட அசைக்கவில்லை.

கோப்பிக் காலத்தில் இந்த மலைகளின் காடு கோடரிக்கு இரையானது. அந்தத் தோட்டங்களில் உழைத்த கைகளில் பெரும்பாலானவை தமிழ்நாட்டிலிருந்து கூட்டிவரப்பட்ட நம்மவர்களுடையவை. 5000 அடிக்கு மேலே காட்டைத் தொடாதீர்கள் என்று தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் எடுத்துச் சொல்ல, 1873-இல் அதற்கு ஆணை பிறந்தது. அதனால்தான் இவ்வளவாவது மிஞ்சியது. 1988-இல் தேசியப் பூங்கா, 2010-இல் உலக மரபுரிமை.

‘உலக முடிவு’ என்று அழைக்கப்படும் மலை விளிம்பில் ஏறத்தாழ 880 மீட்டர் செங்குத்துப் பள்ளம். எல்லோரும் முகிலைப் படம் எடுத்தார்கள். முகில் விலகியபோது கீழே தகரக் கூரைகள் தெரிந்தன.

ஞாயிறு, காட்டோரத் தோட்டம் ஒன்று

தேயிலையின் கடைசி நிரைக்கு மேலே காடு தொடங்குகிறது. அதற்குக் கீழே ஒரு லயம், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு. பாதிக் காம்பராக்கள் பூட்டிக் கிடக்கின்றன. காட்டு ஊற்றிலிருந்து கறுப்புக் குழாய் ஒன்று பீலிக்கு வருகிறது. குடத்தை வைத்துவிட்டு ஓர் அம்மா பேசினார்.

"மேல மரத்த வெட்டுனா இங்க பீலி காஞ்சிரும் தம்பி. அத நாங்க விடமாட்டோம்."

"சிறுத்தைப்புலி வருமாம்மா?"

"வரும். போன மாசம் நாயத் தூக்கிருச்சு. அதுக்கும் பசிக்குமில்ல. எங்களுக்குப் பயம் பாதைதான். மழ நாள்ல வண்டி ஏறாது. மருமகளுக்கு வலி வந்தப்ப கம்பளியில கட்டித் தூக்கிட்டுத்தான் போனோம்."

பிள்ளைகள் கொழும்பில் கடை வேலைக்குப் போய்விட்டார்களாம்.

ஆளில்லாத காடு என்று எழுதுகிறவர்கள் இந்தப் பீலிவரை இறங்கி வரவேண்டும். கோடையில் புல்மலையில் தீப்பிடித்தால் புகையை முதலில் காண்பதும், பச்சைக் கொப்பை ஒடித்துக்கொண்டு அடிக்க ஓடுவதும் இவர்கள்தான். காட்டுக்குச் சட்டம் இருக்கிறது, அது இறுக்கமாகவே இருக்கட்டும். காட்டோரத்து மனிதர்களுக்கு என்ன இருக்கிறது? ஏழு பேர்ச் காணியும் தனி வீடும் சில தோட்டங்களுக்குக் கிடைத்திருக்கின்றன. இந்த மேட்டுக்கும் அவை வர வேண்டும். அதற்கு முன்னால், மழையிலும் வண்டி ஏறக்கூடிய ஒரு பாதை.