பட்டம் விட்ட குடும்பம்

தமிழ்ப்பள்ளியில் படித்த காலத்தில் அக்காவும் நானும் திருமுறை ஓதும் போட்டிகளில் சேர்ந்து பாடுவோம். இரண்டு பேர் பாடுவது போலவே இல்லை, ஒரே குரல் என்று நடுவர்கள் பாராட்டுவார்கள். அதைவிடப் பெரிய பாராட்டு இசையில் கிடையாது என்று நெடுநாள் நம்பியிருந்தேன்.

பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு பாடற்குழுத் தேர்வுக்குப் போனபோது அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. நான்கு பிரிவினர் ஒரே நேரத்தில் நான்கு வெவ்வேறு சுரங்களைப் பாட வேண்டும். என் காதோ பக்கத்தில் நின்றவரின் குரலைத் தேடிப் போய் அதோடு ஒட்டிக்கொண்டது. மூன்று முறை முயன்றேன். நன்றி சொல்லி அனுப்பிவிட்டார்கள். என்னோடு தேர்வுக்கு வந்திருந்த சீன நண்பர், ஆறுதலாக இருக்கட்டுமென்று அன்றிரவே ஒரு பாடலை அனுப்பி வைத்தார். அதன் பெயர் 'கைட்ஸ் ஆர் ஃபன்'. பட்டம் விடுவது இன்பம் என்று பொருள் கொள்ளலாம். (பட்டம் என்றதும் பட்டமளிப்பு விழாவை நினைக்க வேண்டாம். இது வாலும் நூலும் உள்ள பட்டம்!)

பாடியவர்கள் 'த ஃப்ரீ டிசைன்' என்ற அமெரிக்கக் குழுவினர். நியூயார்க் மாநிலத்தின் டெலவன் என்ற சிற்றூரைச் சேர்ந்த டெட்ரிக் குடும்பத்துப் பிள்ளைகள். தந்தை ஆர்ட் டெட்ரிக் டிராம்போன் வாசிப்பவர், இசைக்கோவை அமைப்பவர். கிறிஸ், புரூஸ், சாண்டி என்ற மூவர் தொடங்கிய குழுவில் பிறகு தங்கை எல்லனும், அவருக்கும் இளையவரான ஸ்டெஃபனியும் சேர்ந்தார்கள். பெரும்பாலான பாடல்களை எழுதி, குரல்களைப் பிரித்துக் கொடுத்தவர் கிறிஸ். 1967-இல் முதல் இசைத்தட்டு வெளிவந்தபோது அவருக்கு என்னைவிட வயது குறைவு.

இவர்களுடைய இசையை இன்று சன்ஷைன் பாப் என்ற வகையில் சேர்க்கிறார்கள். 1960-களின் பிற்பாதியில் கலிபோர்னியாவில் செழித்த, அடுக்கடுக்கான குரல்கள் கொண்ட மகிழ்ச்சியான பாட்டு வகை அது. வெயிலைப் பாட்டில் வைத்துக் கொண்டாட வேண்டிய தேவை நமக்கு இல்லை என்பதால் முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஆனால் இரண்டாம் முறை கேட்டபோது சிரிப்பு நின்றுவிட்டது. 'ச'வும் அடுத்துள்ள 'ரி'யும் ஒன்றாக ஒலித்தால் காதை உறுத்த வேண்டும். இவர்கள் அப்படி நெருங்கிய சுரங்களில் நின்றும் உறுத்தவில்லை. ஒரே வீட்டில் வளர்ந்த தொண்டைகள் என்பதாலோ என்னவோ, ஆளுக்கொரு சுரம் பாடியும் குடும்பக் குரல் பிரியவில்லை. எங்களுக்குக் கிடைத்த 'ஒரே குரல்' என்ற பாராட்டு அப்போதுதான் எனக்குச் சின்னதாகத் தெரிந்தது.

இவர்களின் பெரும்பாலான இசைத்தட்டுகளை வெளியிட்டது ஈனொக் லைட் என்பவரின் ப்ராஜெக்ட் 3 நிறுவனம். ஸ்டீரியோ ஒலியின் துல்லியத்திற்காகவே பெயர் பெற்றவர் அவர். தேர்ந்த கலைஞர்கள் வாசித்தார்கள், பதிவும் பழுதில்லாதது. ஆனால் அந்நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் வீட்டில் நல்ல ஒலிக்கருவி வைத்திருந்த பெரியவர்கள். வானொலியில் ராக் கேட்ட இளைஞர்களை அந்தத் தட்டுகள் எட்டவே இல்லை. 'கைட்ஸ் ஆர் ஃபன்' அமெரிக்கப் பட்டியலின் முதல் நூறு இடங்களுக்குள்கூட வரவில்லை. 1972 வரை ஏழு இசைத்தொகுப்புகள் வெளியிட்டும் பெரிய வெற்றி ஒன்றுகூடக் கிடைக்காமல் குழு கலைந்தது.

மூன்றாவது தொகுப்பான 'ஹெவன்/எர்த்' 1969-இல் வந்தது. அதில் '2002: எ ஹிட் சாங்' என்றொரு பாடல் உண்டு. வெற்றிப் பாடலுக்கு என்னென்ன சேர்க்க வேண்டுமோ அத்தனையும் சேர்த்துவிட்டோம், இது நிச்சயம் வெல்லும் என்று துள்ளலாகப் போகும். கடைசியில், போன தடவையும் இதையெல்லாம் செய்து பார்த்தோம், பலிக்கவில்லை என்று அதே துள்ளலோடு ஒப்புக்கொள்வார்கள். தோல்வியை இவ்வளவு சுத்தமான சுருதியில் பாடி நான் கேட்டதில்லை.

இதைத் தீபாவளி விடுமுறையில் அக்காவுக்குப் போட்டுக் காட்டினேன். அக்கா இப்போது ஜொகூர் பாருவிலிருந்து அன்றாடம் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறார். விடியுமுன் புறப்பட்டால் இரவில்தான் வீடு. பாடுவதை விட்டு ஆறு ஆண்டுகள் ஆகின்றன. முழுவதும் கேட்டுவிட்டு, "நல்லாதான் இருக்கு தம்பி. ஆனா அப்போ யாரு கேட்டா இத? கேக்க ஆளில்லாம எதுக்குப் பாடணும்?" என்றார். குரலில் கேலி இல்லை.

எனக்குத் தெரிந்த பதிலைச் சொன்னேன். 1990-களில் ஜப்பானின் கொர்னேலியஸ் என்ற இசைக்கலைஞர் தம்முடைய ட்ராட்டோரியா நிறுவனத்தின் வழி இந்தத் தொகுப்புகளை மறுபடியும் வெளியிட்டார். பிறந்த நாட்டில் விலைபோகாதவை டோக்கியோ இளைஞர்களின் கைக்குப் போயின. 1999-இல் ஸ்டீரியோலேப் என்ற குழு இவர்களின் பெயரையே ஒரு பாடலுக்கு வைத்தது. 2001-இல், அதாவது அந்தக் கேலிப்பாட்டின் தலைப்பில் உள்ள ஆண்டுக்கு ஓராண்டு முன்னதாக, உடன்பிறப்புகள் மீண்டும் கூடி 'காஸ்மிக் பீக்கபூ' என்ற தொகுப்பைப் பாடினார்கள். கனடாவில் குடியேறித் திரைப்படங்களுக்கு இசையமைத்து வந்த கிறிஸ் 2010-இல் காலமானார். தம் பாட்டுக்கு ஆள் இருப்பதை அவர் பார்த்துவிட்டுத்தான் போனார்.

"முப்பது வருசமா?" என்றார் அக்கா. அந்த நீண்ட இடைவெளியில் அவர்கள் எப்படிப் பொறுத்திருந்தார்கள் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. இணையத்தில் தேடினாலும் கிடைக்கிற விஷயமா அது?

பேச்சை மாற்ற, பாடிப் பார்க்கலாமா என்று கேட்டேன். அம்மா முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தார். அக்காவுக்கு 'ச', எனக்கு 'க'. தொடங்கிய நொடியிலேயே நான் அக்காவின் சுரத்துக்குச் சறுக்கிவிட்டேன், பழைய புத்தி! மறுபடியும் தொடங்கினோம். இம்முறை அக்கா என் சுரத்துக்கு ஏறி வந்துவிட்டார். ஐந்தாம் முறையோ ஆறாம் முறையோ, ஒரு மூச்சு நேரம் இரண்டும் விலகி நின்றன. அம்மா கரண்டியோடு திரும்பிப் பார்த்து, "என்னடா, ரெண்டு பேருக்கும் சுருதி சேரல?" என்றார்.

அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இன்னொரு தடவ" என்றார்.