கோபுர முத்திரையுள்ள மடிக்கணினிகள்

சேலம் புதிய பேருந்து நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில், ஒரு வணிக வளாகத்தின் மாடியில் இருக்கிறது அந்தக் கணினிப் பழுதுக் கடை. படிக்கட்டு திரும்பும் இடத்திலேயே பிக்சர் டியூப் மானிட்டர்கள் முதுகைக் காட்டி வரிசையாக நிற்கின்றன. வெள்ளையாக வந்து பழுப்பேறிப்போன கேபினட்டுகள், அடியில் உருண்டை வைத்த பழைய மவுஸ்கள், வால் சுருண்டு கிடக்கும் கீபோர்டுகள். உள்ளே ஃபேன் காற்றில் சால்டரிங் புகை வாசம்.

சேலம், நாமக்கல் சமவெளியில் வீட்டுக்கு வந்த முதல் கணினி இப்போது எங்கே, எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துவரக் கிளம்பியிருந்தேன். கடைக்காரரிடம் விஷயத்தைச் சொன்னதும் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "நம்ம பக்கம் மொதக் கம்ப்யூட்டர்னா ரெண்டு வகைதானுங்க. காசு இருந்தவங்க வூட்ல அசெம்பிள்டு. மத்தவங்க வூட்ல கவர்மெண்ட் லேப்டாப்பு."

அவர் மேசையில் திறந்து கிடந்தது இரண்டாவது வகை. மூடியில் தமிழ்நாடு அரசின் கோபுர முத்திரை. ஒரு பக்க ஹின்ஜ் உடைந்து திரை தொங்குகிறது. மூடியைப் பிடித்திருக்கும் திருகுகள் பிளாஸ்டிக்கில் புதைத்த சின்னப் பித்தளைக் குமிழ்களில் இறங்கியிருக்கும். பல வருஷம் திறந்து மூடியதில் பிளாஸ்டிக் பிளந்து, குமிழ் கையோடு வந்துவிடுகிறது. அவர் பசையைக் குழைத்து, குமிழைப் பழைய இடத்திலேயே உட்காரவைத்து, காய்வதற்காக ஓரமாக நகர்த்தினார். பேட்டரி எப்போதோ போய்விட்டது. சார்ஜர் இருந்தால்தான் உயிர். ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டு, ராம் கொஞ்சம் கூட்டினால் இன்னும் ஓடும் என்கிறார். "தூக்கிப் போடுங்கன்னு நாஞ் சொன்னாலும் கேக்க மாட்டாங்க. அதுல எம் போட்டோ இருக்குது, எங்கப்பா போட்டோ இருக்குதும்பாங்க."

காசு இருந்தவர் வீட்டை முதலில் பார்த்துவிடலாம் என்று நாமக்கல் சாலையில் இறங்கினேன். மல்லூர் தாண்டி ஆண்டகளூர்கேட் வரை இருபுறமும் மரவள்ளிக் காடு. அங்கங்கே ஜவ்வரிசி ஆலைகளின் களத்தில் வெள்ளை வெளேரென்று மாவு காய்கிறது. புதுச்சத்திரம் நெருங்கும்போது தீவனமும் கோழி எருவும் கலந்த வாசம் காருக்குள் வந்துவிடும். தோட்டத்து வீடு. எழுபதைத் தாண்டிய பெரியவர் வாசலுக்கே வந்து, "வா கண்ணு, உள்ள வா" என்று அழைத்துப்போனார்.

மகன் படித்த அறையில் அது இருக்கிறது. கீபோர்டுக்கு இழுப்புத் தட்டு வைத்த கணினி மேசை. மானிட்டர், கேபினட், ஸ்பீக்கர் மூன்றுக்கும் ஜன்னல் திரையில் மிஞ்சிய துணியில் உறை தைத்துப் போட்டிருக்கிறார் வீட்டம்மா. உறையைத் தூக்கினால் கேபினட் நெற்றியில் சந்தனமும் குங்குமமும். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துத் தடித்துப்போயிருக்கிறது.

"ரெண்டாயிரத்துல பையன் பிளஸ் ஒன் சேந்தானுங்க. கம்ப்யூட்டர் குரூப்பு. முட்டை முடிஞ்ச கோழிய வித்த காசு அப்படியே அதுக்குப் போச்சு" என்றார். சேலத்தில் வாங்கி, தங்கள் முட்டை வண்டியிலேயே ஏற்றிவந்திருக்கிறார்கள். மானிட்டர் பெட்டிக்கு அடியிலும் பக்கத்திலும் வெறும் முட்டை அட்டைகளை அடுக்கி, மகன் அதைக் கட்டிப் பிடித்தபடியே வந்தானாம்.

பெரியவர் ஸ்விட்சைப் போட்டார். பென்டியம் 3 இயந்திரம், விண்டோஸ் 98. கறுப்புத் திரையில் நினைவகத்தின் எண்கள் மளமளவென்று ஏறின. பிளாப்பி டிரைவ் ஒரு முறை கரகரத்தது. போன தடவை சரியாக அணைக்கவில்லை என்று நீலத் திரையில் ஸ்கேன்டிஸ்க் ஓடியது. மதர்போர்டில் இருக்கும் காசு மாதிரியான பேட்டரி தீர்ந்துவிட்டதால் தேதி மட்டும் எங்கோ பழைய வருஷத்தைக் காட்டுகிறது. மற்றதெல்லாம் வேலை செய்கிறது.

படிப்புக்கு என்று வாங்கியதைப் பண்ணைக்கும் பயன்படுத்தியவர் இவர்தான். ஹார்டு டிஸ்க்கில் மாதவாரியாக எக்செல் கோப்புகள். மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு, சூரியகாந்திப் புண்ணாக்கு, தவிடு, கருவாட்டுத் தூள், கிளிஞ்சல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. பக்கத்துக் கட்டங்களில் அன்றைய விலை, புரதம், சுண்ணாம்புச் சத்து. முட்டைக் கோழிக்கு வேண்டிய சத்து குறையாமல், டன்னுக்கு ஆகும் செலவைக் குறைப்பது எப்படி என்பதுதான் கணக்கு. எக்செல்லில் சால்வர் என்றொரு வசதி உண்டு. நிபந்தனைகளைச் சொல்லிவிட்டால் மிகக் குறைந்த விலைக்கான கலவையை அதுவே தேடிக் கொடுக்கும். மகன் ஒரு லீவில் வந்து அதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறான். 1985-ல் நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி வந்த பிறகு இந்தப் பக்கப் பண்ணைகளுக்குத் தீவனக் கணக்கு புதிதல்ல. ஆனால் சோள விலை ஏறிய அன்று இரவே வீட்டில் உட்கார்ந்து கலவையை மாற்ற முடிந்தது இந்தப் பெட்டி வந்த பிறகுதான்.

இன்டர்நெட் வந்தபோது வீட்டில் சண்டை. பி.எஸ்.என்.எல். சஞ்சார்நெட் இணைப்பு. 56 கே மோடம் கீச்சிட்டுப் பேசி முடித்து லைன் பிடித்துவிட்டால் தொலைபேசி வேலை செய்யாது. சாயங்காலம் முட்டை விலை பேச வியாபாரிகள் கூப்பிடும் நேரத்தில் மகன் உள்ளே ஏதோ படம் இறங்கக் காத்திருப்பான். "லைன் எங்கேஜாவே இருக்குதுன்னு வியாபாரி வேற பண்ணைக்குப் போயிருவான்" என்று பெரியவர் இப்போது சொல்லிச் சிரிக்கிறார்.

வங்கிக்கும் மின்வாரியத்துக்கும் அவர் எழுதிய தமிழ்க் கடிதங்களும் அதில் இருக்கின்றன. இந்தக் கணினியில் திறந்தால் கடிதம். வேறு கணினிக்குக் கொண்டுபோனால் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகக் கொட்டிக் கிடக்கும். அந்தக் கால எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளுக்கு உரிய இடங்களில் தமிழ் வடிவங்களைப் பொருத்திவைத்தவை. எழுத்துரு கூட வராவிட்டால் தமிழும் வராது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாடு விசைப்பலகையை ஒழுங்குபடுத்தியது. யூனிகோடு 1991-லேயே தமிழுக்கு இடம் ஒதுக்கியிருந்தது. இருந்தும் இவையெல்லாம் வீட்டு மேசைக்கு வந்துசேரப் பல ஆண்டுகள் ஆயின. இந்த மாதிரிக் கணினிகளில் எழுதியவற்றை, அவை ஓடிக்கொண்டிருக்கும்போதே யூனிகோடுக்கு மாற்றிவைத்தால் உண்டு. டிஸ்க் போனால் கடிதமும் போயிற்று.

அன்றைக்கு இந்த ஊரில் இன்னும் இரண்டு பேர் வீட்டில்தான் கணினி இருந்ததாம். லாரி வைத்திருந்தவர் வீட்டில் ஒன்று, ஆசிரியர் வீட்டில் ஒன்று. மற்ற வீடுகளுக்குள் கணினி நுழைய இன்னும் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆனது. அதைப் பார்க்க ராசிபுரம், வெண்ணந்தூர், ஆட்டையாம்பட்டி என்று சுற்றிக்கொண்டு காக்காபாளையம் வழியாக இளம்பிள்ளைக்குப் போனேன்.

இளம்பிள்ளைத் தெருக்களில் ஒருவர் பேசுவது அடுத்தவருக்குக் கேட்க வேண்டுமானால் கத்தத்தான் வேண்டும். வீட்டுக்கு வீடு விசைத்தறிச் சத்தம். நான் போன வீட்டில் முன்னறை தறிக்கு, பின்னறை மனிதர்களுக்கு. தறியின் தலைக்கு மேலே ஜக்கார்டு. துளையிட்ட அட்டைகளைக் கோத்த மாலை ஒன்று அதில் ஏறி இறங்குகிறது. அட்டையில் துளை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே போகும், அதற்குரிய பாவு இழை மேலே எழும். துளை இல்லையென்றால் இழை அப்படியே கிடக்கும். சேலை முந்தானையின் மாங்காயும் மயிலும் இப்படித்தான் உண்டாகின்றன. பிரான்ஸ் நாட்டின் ஜக்கார்டு 1804-ல் செய்த இந்த ஏற்பாட்டைப் பார்த்துத்தான், தன் கணக்கு இயந்திரத்துக்கும் துளை அட்டைகளையே பயன்படுத்தலாம் என்று இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ் திட்டமிட்டார். கணினியின் கொள்ளுத்தாத்தா இந்த வீட்டில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தார் என்பது எனக்குப் பெரும் சந்தோஷம்.

தார் சுற்றிக்கொண்டிருந்த அம்மா எழுந்துவந்தார். "வா சாமி. பாப்பா உள்ள இருக்குது." பாப்பாவுக்கு முப்பது வயது, சேலத்தில் ஒரு நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறார். 2012-ல் அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூ. பீரோவின் மேல்தட்டிலிருந்து ஒரு கறுப்புப் பையை இறக்கினார். உள்ளே கோபுர முத்திரை போட்ட மடிக்கணினி, சார்ஜர், பள்ளியில் கொடுத்த காகிதங்கள், எல்லாம் அப்படியே.

விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று, அண்ணா பிறந்த நாளில், திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் முதல்வர் ஜெயலலிதாவால் தொடங்கிவைக்கப்பட்டது. முதல் ஆண்டுக்கு மட்டும் 9.12 லட்சம் என்று இலக்கு. அரசு, அரசு உதவிபெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு, மாநில அரசின் மின்னணு நிறுவனமான எல்காட் கொள்முதல் செய்து கொடுத்தது. விண்டோஸோடு, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இயங்குதளமும் அதில் இருந்தது. 2020 வாக்கில் கொடுத்து முடிந்தபோது எண்ணிக்கை 50 லட்சத்தைத் தாண்டியிருந்தது.

"வாங்கிட்டு வந்த அன்னிக்கு ஸ்கூல்ல இருந்து வூடு வரைக்கும் அப்பா சைக்கிள உருட்டிக்கிட்டேதான் வந்தாரு. ஏறி உக்காந்தா ஆடிரும்னு" என்றார் அந்தப் பெண். வீட்டில் மேசை கிடையாது. தறிக்காரர் வீட்டில் எதற்கு மேசை? பாவு சுற்றி வந்த மரப்பெட்டியைக் கவிழ்த்து, மேலே துண்டு விரித்து வைத்திருக்கிறார்கள்.

அந்த வருஷம் மின்வெட்டு எப்படி இருந்தது என்பதைச் சேலம், நாமக்கல் மாவட்டக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சென்னைக்கு வெளியே நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாத நாட்கள் சாதாரணம். தறி நிற்கும், கூலி நிற்கும். யு.பி.எஸ். இல்லாமல் மேசைக் கணினி அந்த நாட்களில் வெறும் பெட்டி. பேட்டரி உள்ள இந்த இயந்திரமோ இருட்டில்தான் வேலை செய்தது. தறி நின்றதும் தெருப் பிள்ளைகள் வந்து சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். திரை வெளிச்சத்தில் ஒருத்தி படிப்பாள், பாட்டி பூ கட்டுவார், மிச்ச நேரத்துக்குப் பென்டிரைவில் வந்த படம். நடுராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் வந்தால் அப்பா தறியை ஓட்ட எழுந்திருப்பார். எழுந்ததும் முதல் வேலை, லேப்டாப்பைச் சார்ஜில் போடுவது.

பெண் அதைத் திறந்து காட்டினார். விண்டோஸ் ஏற வெகுநேரம் ஆனது. டி டிரைவில் 'அம்மா குழு' என்று ஒரு ஃபோல்டர். மகளிர் சுயஉதவிக்குழுவின் சேமிப்பு, உள்கடன், வட்டி எல்லாம் வாராவாரம் தட்டச்சு செய்யப்பட்டிருக்கிறது. குழுவில் எழுதத் தெரிந்தவர் குறைவு. நோட்டில் இருந்த கணக்கை இவள் தமிழில் அடித்து, கூட்டத்தில் உரக்க வாசிப்பாளாம். "மொத மாசமே முந்நூறு ரூவா ரெண்டு தடவ எழுதியிருந்தத கண்டுபுடிச்சுட்டா" என்று அம்மா இடையில் சொன்னார். அடுத்த ஃபோல்டரில் தெருக்காரர்களின் விண்ணப்பங்கள்: சாதிச் சான்று, முதியோர் ஓய்வூதியம், கல்லூரி உதவித்தொகை. டாங்கிள் ஒன்றை யாரிடமோ இரவல் வாங்கி, பிளஸ் டூ ரிசல்ட் அன்று தெருவுக்கே மதிப்பெண் பார்த்துச் சொன்னதும் இதே இயந்திரத்தில்தான்.

இந்த மடிக்கணினியில் பிள்ளைகள் சினிமாதான் பார்த்தார்கள், அரசின் பணம் வீண் என்று பேசுகிறவர்களை நிறையக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. 1980-களில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பிபிசி மைக்ரோவையும் கொமடோர் 64-ஐயும் பிள்ளைகளின் படிப்புக்கென்று சொல்லித்தான் பல வீடுகளில் வாங்கினார்கள். பிள்ளைகள் பெரும்பாலும் விளையாடினார்கள். அந்த விளையாட்டிலிருந்து நிரல் எழுதுகிறவர்கள் வந்தார்கள். வீட்டில் கணினி இருப்பதன் பலனே அதைக் கேட்பாரில்லாமல் நோண்டிப் பார்ப்பதுதான். அதே பிபிசி மைக்ரோவை மத்திய அரசு 1984-ல் 'கிளாஸ்' என்ற கணினிக் கல்வித் திட்டத்தில் நம் பள்ளிகளுக்கும் கொடுத்தது. அது பள்ளி அறையில் பூட்டியே இருந்தது, முறை வைத்துத் தொட வேண்டியிருந்தது. அரசு தந்த கணினி பள்ளியிலிருந்து வீட்டுக்கு வர 27 வருஷம் ஆயிற்று. அப்படி வந்தபோது, காட்டு வேலைக்கும் தறிக் கூலிக்கும் போகிறவர் வீட்டுக்கு வந்தது. முதல் வீட்டுக் கணினியின் கதையைத் தமிழில் எழுதுகிறவர்கள் பென்டியத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். பாதிக் கதை இந்தக் கறுப்புப் பைக்குள் இருக்கிறது.

2025-26 நிதிநிலை அறிக்கையில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ தருவதாக அரசு அறிவித்தது. புதியவை வரும்போது பழையவை எடைக்குப் போகும். சேலத்தில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. புதுச்சத்திரத்தின் பென்டியம் ஒன்றும், கோபுர முத்திரை போட்ட மடிக்கணினி ஒன்றும், ஓடும் நிலையில், உள்ளே இருக்கும் கோப்புகளோடு அங்கே இடம்பெற வேண்டும். இப்போது கேட்டால் கிடைக்கும். இன்னும் பத்து வருஷம் போனால் தேடினாலும் கிடைக்காது.

இளம்பிள்ளைப் பெண்ணிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார். பள்ளிக்குப் போகும் மகனுக்கு இதிலேயே தமிழ் தட்டச்சு கற்றுக்கொடுக்கப் போகிறாராம். எஸ்.எஸ்.டி. போட்டால் ஓடுமா, எவ்வளவு ஆகும் என்று கேட்டார். சேலத்துக் கடையின் அடையாளத்தைச் சொன்னேன். சனிக்கிழமை கொண்டுபோகிறேன், ஆனால் டி டிரைவில் இருப்பது ஒன்றுகூடப் போகக் கூடாது என்றார். "மொதல்ல அத ஒரு காப்பி எடுத்துருங்க, அப்பறம் கடைக்குப் போங்க" என்றேன். அப்போதே என்னிடமிருந்த பென்டிரைவை வாங்கி, 'அம்மா குழு' ஃபோல்டரிலிருந்து ஆரம்பித்தார்.