கேட்கும் கருவியும் பேசும் கருவியும்

வயலும் குளமும் சூழ்ந்த உன்னிச்சையிற் பிறந்த எனக்குக் கடலோடு என்ன உறவு என, என்னோடு ஒரே வாங்கிலிருந்து படித்த அன்பர்கள் வினவக்கூடும். உறவு அக்காவின் வழியாக வந்தது. அத்தான் கடற்றொழிலர். 1978 நவம்பர் 23ஆந் திகதி மட்டக்களப்பைச் சூறாவளி தாக்குவதற்கு முதல்நாள் கடலுக்குச் சென்றவர் மீளவில்லை. அவருடைய வள்ளத்தில் ஒரு சிறிய டிரான்சிஸ்டர் வானொலி இருந்தது. அதிற் கேட்கலாம், மறுமொழி சொல்ல வழியில்லை.

அன்று கைக்குழந்தையாயிருந்த மருமகன் இன்று பாய்ப்படகொன்று வாங்கிக் கரையோரமாகத் திருகோணமலைவரை ஓடப்போவதாகச் சொன்னான். வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறையை அடைந்த கதையை அவனுக்குச் சிறுவயதிற் சொன்னவன் நானே. ஆதலாற் பழியில் எனக்கும் பங்குண்டு.

அக்கா இட்ட நிபந்தனை ஒன்றே: “அவன் கதைக்கிறது எனக்குக் கேட்கவேணும்.”

மின்பொறியியலில் வாழ்நாளைக் கழித்த என்னிடம் அப்பணி வந்தது. மருமகனின் விருப்பம் வண்ணத்திரையிற் கடற்படம் காட்டும் பெரிய கருவி. நானோ முதலில் வானொலி, பின்னரே படம் என்றேன். பற்றரி 100 அம்பியர்மணி என்று எழுதியிருப்பினும், ஈய பற்றரியிற் பாதிக்குமேல் எடுத்தால் அதன் ஆயுள் குன்றும். இருக்கும் ஐம்பதுக்குள் விளக்கும் வானொலியும் திசைகாட்டும் கருவியும் இரவைக் கழிக்கவேண்டும். பகலிற் சூரியத்தகடு அதனை ஈடுசெய்யவேண்டும். வீட்டிலிருந்த சாதாரணக் கம்பியை முதலில் இழுத்தது என் பிழை. இரண்டு மாதத்து உப்புக்காற்றில் முனைகள் பச்சை பூத்து விளக்கு அணைந்தது. பின்னர் வெள்ளீயம் பூசிய செப்புக்கம்பி வாங்கினோம்.

ஆழம் அறியும் கருவியைச் சோதிக்க உன்னிச்சைக் குளத்திலே ஒரு தோணியில் ஏறினோம். ஒலி நீரினுள் விநாடிக்கு ஏறத்தாழ 1,500 மீற்றர் செல்லும். போய்த் திரும்பும் நேரமே ஆழத்தின் அளவு. கோல் ஒன்பது அடி காட்டிய ஓரிடத்திற் கருவி நாலடி என்றது. நீர்ப்பாசியின் தலையைத் தரையென்று எண்ணிவிட்டது! தோணிக்காரப் பெரியவர், “கம்பு பற்றரி கேளாது, தம்பி,” என்றார். அந்தக் கம்பு இன்றும் படகில் இருக்கிறது.

வானொலியின் அலை ஏறக்குறைய நேர்கோட்டிற் செல்வது. பூமியின் வளைவு அதனை மறைக்கும். ஒன்பது மீற்றர் பாய்மரத்து உச்சியில் அலைவாங்கியைக் கட்டினால் ஏறத்தாழ 12 கிலோமீற்றர் எட்டும். கரையிலும் உயரமிருந்தால் இன்னும் சிறிது. அதற்கப்பால் 406 மெகாஹேர்ட்ஸிற் செயற்கைக்கோள்களை அழைக்கும் அபாயக் கருவி ஒன்றே துணை. அதன் விலையைக் கேட்டு மருமகன் முகம் சுளித்தான். வண்ணத்திரையைக் கைவிட்டு அதனை வாங்குவித்தேன். அனுமதிப்பத்திரங்களுக்கு அலைந்த கதையை இங்கு விரிக்கேன்.

மாரிமழையில் முகத்துவாரம் வெட்டுண்டு, பின் கடல் தணிந்த ஒருநாட் காலை படகு வெளியேறியது. அக்காவும் நானும் வெளிச்சவீட்டருகே கைவானொலியுடன் நின்றோம். பதினாறாம் அலைவரிசையில் அழைத்து, வேறொன்றுக்கு மாறியபின் அவன் குரல் தெளிவாக வந்தது: “அம்மா, கேட்குதா?”

அக்கா கருவியை வாயருகே கொண்டுபோய், “சாப்பிட்டியா மகன்?” என்றார். பொத்தானை அழுத்தாதபடியால் அது போகவில்லை. நான் அழுத்திப் பிடித்தேன். அவர் மறுபடியும் அதையே கேட்டார்.